கார்பன் ஃபைபர் பானட் மாட்டினால் போதுமா? பழைய போர்ஷே 911 நடத்தும் ஒரு கிளாஸ்

முதலில் ஒரு சின்ன கேள்வி. 0.8 மி.மீ. தடிமனில் ஒரு ஸ்டீல் தகடு இருக்கு. அதே 0.8 மி.மீ. தடிமனில் ஒரு கார்பன் ஃபைபர் தகடும் இருக்கு. ரெண்டும் ஒரே அளவு. கையில் பிடித்து வளைத்தால் எது சுலபமா வளையும்?

நம்மில் நிறைய பேர் யோசிக்காமலே "ஸ்டீல்தான்" என்று சொல்லிவிடுவோம். கார்பன் ஃபைபர் ஸ்டீலைவிடப் பல மடங்கு உறுதி என்று அத்தனை வீடியோக்களில் கேட்டிருக்கிறோமே! ஆனால் சுலபமாக வளைவது கார்பன் தகடுதான். அதன் விறைப்பு ஸ்டீல் தகட்டின் விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே.

அப்படின்னா பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீல் பாகங்களைக் கழற்றிவிட்டு ஏன் கார்பன் ஃபைபர் போடுகிறார்கள்? எதை மாற்றுகிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள்? ஒரே ஒரு காரை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் படித்தது இங்கே அப்படியே வேலைக்கு வரும்.

எந்தக் கார், யார் செய்கிறார்கள்?

கார், போர்ஷே 911. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் அந்த வட்ட ஹெட்லைட் ஜெர்மன் கார். இதன் எடையைக் குறைக்கும் ஆசை புதுசு இல்லை. 1967-லேயே போர்ஷே கம்பெனி 911 ஆர் என்ற ரேஸ் ரகத்தில் பானட், முன் மட்கார்டு போன்றவற்றைக் கண்ணாடி இழையில் செய்து, காரின் எடையைச் சுமார் 800 கிலோவுக்கு இறக்கியது. அதற்கும் முன்னால், 1953-லேயே அமெரிக்காவின் செவ்ரலே கார்வெட் கண்ணாடி இழை பாடியோடு ரோட்டுக்கு வந்துவிட்டது.

கார்பன் ஃபைபர் பிறகு வந்தது. 1981-ல் மெக்லாரன் எம்பி4/1 ஃபார்முலா ஒன் கார் முழு கார்பன் மோனோகாக்கோடு ஓடியது. 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40 காரில் ஸ்டீல் குழாய்ச் சட்டத்தின்மேல் காம்போசிட் பாகங்கள். அதில் பெயின்ட்டை அவ்வளவு மெல்லிசாக அடித்ததால், உள்ளே இருக்கும் நெசவு வெளியே தெரியும்.

இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெக்லாரனில் கார்பன்தான் காரின் எலும்புக்கூடு. எஃப்40-ல் வெளிப்பாகங்களில் கார்பன் இருந்தாலும், பாரம் தாங்கும் அடிப்படைச் சட்டம் ஸ்டீல். பழைய காரில் பாகங்களை மாற்றுகிறவர்கள் செய்வது பெரும்பாலும் ரெண்டாவது வேலை.

911-ல் இதைப் பெரிய அளவில் செய்து பெயர் வாங்கியது கலிஃபோர்னியாவின் சிங்கர் வெஹிக்கிள் டிசைன். 2009-ல் இதைத் தொடங்கியவர் ராப் டிக்கின்சன். அதற்கு முன்னால் கேத்தரின் வீல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர். கம்பெனிப் பெயரில் அந்தப் பாட்டுக்காரரும் இருக்கிறார், போர்ஷேயின் புகழ்பெற்ற ரேஸ் எஞ்சினியர் நார்பர்ட் சிங்கரும் இருக்கிறார். 1989 முதல் 1994 வரை வந்த 964 வகை 911-ஐ உரிமையாளர் கொண்டுவருவார். இவர்கள் அதை வெறும் கூடு வரை பிரித்து, வெளிப்பாகங்களை கார்பன் ஃபைபரில் மாற்றி, 1970-களின் உருவத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் கதவுகளை மட்டும் ஸ்டீலாகவே விட்டுவிடுவார்கள். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

பேப்பர் பேனா எடுங்க

பானட் மாதிரி ஒரு வெளிப்பாகத்துக்கு முக்கியத் தேவை விறைப்பு. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் காற்று தட்டும்போது படபடக்கக் கூடாது. கைவைத்து மூடும்போது குழியக் கூடாது. ஒரு தட்டையான தகட்டின் வளைவு விறைப்பு ரெண்டு விஷயங்களைப் பொறுத்தது: பொருளின் யங்ஸ் மாடுலஸ், அப்புறம் தடிமனின் மூன்றாம் படி. மாடுலஸ் இரட்டிப்பானால் விறைப்பு ரெண்டு மடங்கு. தடிமன் இரட்டிப்பானால் எட்டு மடங்கு.

ஸ்டீலின் மாடுலஸ் சுமார் 210 ஜிகா பாஸ்கல். கார்பன் இழை ஓடும் திசையில் மட்டும் பார்த்தால் லேமினேட்டுக்கு 130-க்கு மேல் கிடைக்கும். ஆனால் பானட்டுக்கு எல்லா திசையிலும் விறைப்பு வேண்டும். துணியை 0-90, பிளஸ் மைனஸ் 45 என்று மாற்றி மாற்றி அடுக்கினால், சராசரியாகக் கிடைப்பது சுமார் 45 ஜிகா பாஸ்கல்தான். 45-ஐ 210-ஆல் வகுத்துப் பாருங்க, சுமார் 0.21. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

இப்போ கேள்வியைத் திருப்பிக் கேட்போம். 0.8 மி.மீ. ஸ்டீலுக்குச் சமமான வளைவு விறைப்பு வேண்டுமென்றால், மற்ற பொருள்களில் எவ்வளவு தடிமன் தேவை? ஒரு சதுர மீட்டருக்கு எடை எவ்வளவு?

- ஸ்டீல்: 0.8 மி.மீ., 6.3 கிலோ
- கையால் அடுக்கிய கண்ணாடி இழை (மாடுலஸ் 8 ஜிகா பாஸ்கல் என்று வைத்து): 2.4 மி.மீ., 3.6 கிலோ
- அலுமினியம்: 1.15 மி.மீ., 3.1 கிலோ
- கார்பன் ஃபைபர்: 1.34 மி.மீ., 2.1 கிலோ

மாடுலஸ்களின் விகிதத்துக்குக் கன மூலம் எடுத்து, வரும் தடிமனை அடர்த்தியால் பெருக்கினால் இந்த எண்கள் வந்துவிடும். நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.

இந்த நாலு வரியில் ரெண்டு பாடம் இருக்கு. ஒன்று, கார்பனின் வெற்றி அதன் அடர்த்தியில் இருக்கிறது. ஸ்டீலின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், தடிமனைக் கூட்டிக்கொண்டாலும் எடை மூன்றில் ஒன்றாக இறங்குகிறது. இரண்டு, சாதாரணக் கண்ணாடி இழையே ஸ்டீல் எடையில் 43 சதவீதத்தைக் குறைத்துவிடுகிறது. 1967-ல் போர்ஷே அதைத் தேடிப் போனதில் ஆச்சரியமே இல்லை.

தடிமன்தான் ராஜா என்றால், இன்னும் ஒரு வழி இருக்கு. மேலே 0.4 மி.மீ. கார்பன், கீழே 0.4 மி.மீ. கார்பன், நடுவில் 4 மி.மீ. ஃபோம். இதுதான் சாண்ட்விச். ஃபோமை ஒட்டும் ரெசினையும் சேர்த்து எடை 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். வளைவு விறைப்போ அந்த 0.8 மி.மீ. ஸ்டீல் தகட்டைப்போல சுமார் 19 மடங்கு! ஆனால் 0.4 மி.மீ. மேல்தோலை ஒரு கட்டைவிரல் அழுத்தினாலே குழி விழலாம். பறந்துவரும் ஒரு கல் போதும், தோல் கிழிய. எனவே விறைப்புக் கணக்கு பாஸ் ஆனதும் டிசைன் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீங்க.

போல்ட்டா, வெல்டிங்கா?

எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று முடிவெடுக்கக் காரின் அருகே போய் ஒரே ஒரு விஷயம் பாருங்க: அது எப்படி மாட்டப்பட்டிருக்கு?

911-ல் பானட், பின்பக்க எஞ்சின் மூடி, முன் மட்கார்டுகள், பம்பர்கள் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றலாம், மாட்டலாம். நாளைக்கே பழையதைத் திரும்பப் போடலாம். முதலில் கைவைக்க வேண்டியவை இவைதான்.

கூரையும் பின் மட்கார்டுகளும் அப்படி இல்லை. அவை கூட்டோடு வெல்டிங் செய்யப்பட்டவை. கார் திருப்பத்தில் முறுக்கப்படும்போது அந்தத் தகடுகளும் சேர்ந்து பாரம் தாங்குகின்றன. அவற்றை வெட்டி எடுத்தால் வெட்டியது வெறும் மூடி இல்லை, காரின் எலும்பில் ஒரு பகுதி. அந்த இடத்தில் கார்பனை ஒட்டும்போது, பாரம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழியைத் திரும்ப உருவாக்கியாக வேண்டும். ஒட்டும் பட்டையின் அகலம், பசையின் தடிமன், ஸ்டீல் ஓரத்தின் சுத்தம் எல்லாமே அதில் அடங்கும். கூட்டை ஜிக்கில் பூட்டாமல் வெட்டினால் கதவு இடைவெளிகள் மாறிவிடும், அப்புறம் கதவு சரியாக மூடாது.

கதவு இன்னொரு கதை. போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றுவதும் சுலபம். ஆனால் அதன் உள்ளே பக்கவாட்டு மோதலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இருக்கு. ஸ்டீல் மோதலில் நசுங்கி, மடங்கி, இழுபட்டு ஆற்றலை விழுங்கும். சாதாரண கார்பன் லேமினேட் ஓர் எல்லை வரை தாங்கும், பிறகு சட்டென்று உடையும். ஃபார்முலா ஒன் காரில் டிரைவரைக் காப்பாற்றுவதும் கார்பன்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே நொறுங்கும் விதத்தையே டிசைன் செய்து, மோதல் சோதனையில் நிரூபிக்கிறார்கள். மோல்டில் கதவின் வடிவத்தை மட்டும் காப்பியடித்தால் அந்தப் பாதுகாப்பு கூடவே வராது. சிங்கர் கதவுகளை ஸ்டீலாக விட்டதில் ஒரு பொறியாளருக்கு இருக்க வேண்டிய அடக்கம் தெரிகிறது.

பானட்டிலும் உயிர் சம்பந்தப்பட்ட ஓர் இடம் உண்டு. 911-ன் முன் மூடிக்குக் கீல் விண்ட்ஷீல்டு பக்கம், பூட்டு மூக்குப் பக்கம். ஓடும்போது பூட்டு பிய்ந்தால் காற்று மூடியைத் தூக்கி நேரே கண்ணாடியில் அடிக்கும். ஆகவே பூட்டு இருக்கும் இடத்தில் ஃபோமை எடுத்துவிட்டு, கூடுதல் அடுக்குகளும் உலோக இன்சர்ட்டும் வைக்க வேண்டும். ஸ்டீல் பானட்டின் அடிச்சட்டத்தில் மோதலின்போது நடுவில் மடங்குவதற்கென்றே பலவீனமான இடங்கள் வைப்பதுண்டு. கார்பனில் அதையும் யோசிக்கணும்.

செய்யும் முறை, சுருக்கமாக

பழைய பாகத்தையே அச்சாக வைத்து மோல்டு எடுப்பது வழக்கம். இங்கேதான் டிங்கர் வேலையின் அருமை தெரியும். முப்பது, நாற்பது வருஷப் பழைய பானட்டில் ஒடுக்கும் இருக்கும், யாரோ பார்த்த பட்டியும் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் மோல்டு எடுத்தால் அந்த ஒடுக்கு ஒவ்வொரு கார்பன் பாகத்திலும் பிறக்கும். முதலில் காரிலேயே பொருத்தி, இடைவெளிகளைச் சமன்செய்து, தேய்த்து, பளபளப்பாக்க வேண்டும். பிறகு ரிலீஸ் வேக்ஸ் பல கோட், அதன்மேல் ஜெல்கோட், கண்ணாடி இழை அடுக்குகள். இதுதான் மோல்டு.

அதற்குள் கார்பன் துணியை அடுக்க மூன்று வழிகள் இருக்கு. பிரஷ்ஷால் ரெசின் தடவும் கை வேலை, மலிவு. ஆனால் ரெசின் அதிகமாகி, இழையின் பங்கு குறைந்து, எடை ஏறும். இரண்டாவது, உலர்ந்த துணியை பையால் மூடி, வேக்கம் போட்டு ரெசினை உள்ளே இழுக்கும் இன்ஃபியூஷன். ஒரு கல்லூரி லேபில் செய்யக்கூடிய நல்ல வழி இதுதான். பையில் கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை ரெசினைக் கலக்காதீங்க, அவ்வளவுதான். மூன்றாவது, ரெசின் ஏற்கெனவே ஊறிய பிரிப்ரெக். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருந்து, ஓவனிலோ ஆட்டோகிளேவிலோ வேகவைப்பது. எடையும் தரமும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரும்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். எபாக்ஸி தோலில் தொடர்ந்து பட்டால் அலர்ஜி வரலாம், வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. கார்பனை வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அது மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸையும் ஷார்ட் ஆக்கும். கையுறை, மாஸ்க், தூசி உறிஞ்சி மூன்றும் இல்லாமல் வேலையைத் தொடங்காதீங்க.

மாட்டிய பிறகு வரும் வம்புகள்

வெயில். சாதாரண அறை வெப்பத்தில் இறுகவிட்ட பல எபாக்ஸிகளின் கிளாஸ் டிரான்சிஷன் வெப்பநிலை 50, 60 டிகிரிக்குள் நின்றுவிடும். வெயிலில் நிற்கும் கறுப்பு பானட் அதைச் சுலபமாகத் தாண்டும். ரெசின் இளகினால் பாகம் தொய்யும். அதற்கு முன்பே பெயின்ட்டுக்கு மேல் நெசவின் கட்டம் கட்டமான அடையாளம் எழும்பும். 911-ன் பின் மூடிக்குக் கீழே ஏர்கூல்டு எஞ்சின் வேறு சுடச்சுட இருக்கு. எனவே பெயின்ட் அடிக்கும் முன் ஓவனில் படிப்படியாகச் சூடேற்றி போஸ்ட் க்யூர் செய்வது கட்டாயம்.

விரிவு. 1.2 மீட்டர் நீளக் கூரை 50 டிகிரி சூடேறினால் ஸ்டீல் 0.7 மி.மீ. நீளும். கார்பன் 0.15 மி.மீ. அளவில்தான் நீளும். அந்த அரை மி.மீ. வித்தியாசத்தை யாராவது தாங்கணுமே? மெல்லிய, விறைப்பான பசை போட்டால் அது ஓரத்தில் விரிசல் விடும். கொஞ்சம் தடிமனாக, நெகிழ்ந்து கொடுக்கும் பசை வேண்டும்.

துரு. கார்பன் துருப்பிடிக்காது, ஆனால் தன்னைத் தொடும் ஸ்டீலையும் அலுமினியத்தையும் துருப்பிடிக்க வைக்கும்! ஈரமும் உப்பும் சேர்ந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடுகிறது. கெமிஸ்ட்ரியில் படித்த கால்வானிக் அரிப்புதான். அலுமினிய ரிவெட் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து போகும். கார்பனுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஓர் அடுக்கு கண்ணாடி இழை வைப்பதும், ஸ்டெயின்லெஸ் அல்லது டைட்டானியம் போல்ட் போடுவதும் இதற்கு மருந்து.

எர்த். பழைய கார்களில் விளக்குகளின் நெகட்டிவ் பல இடங்களில் பாடி வழியாகத்தான் போகும். மட்கார்டு கார்பன் ஆனதும் அந்தப் பாதையை நம்ப முடியாது. தனியாக எர்த் ஒயர் இழுக்கணும்.

அடி. ஸ்டீல் அடிபட்டால் ஒடுக்கு தெரியும். கார்பனில் மேலே ஒன்றுமே தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு நாணயத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்க. நல்ல இடத்தில் "டிங்" என்று கேட்கும், பிரிந்த இடத்தில் மந்தமாக "டொக்". விமானத் துறையிலும் இந்தத் தட்டும் சோதனை உண்டு.

சரி, இதெல்லாம் செய்து எவ்வளவு மிச்சம்?

வெளித்தோல் பரப்பு 6 சதுர மீட்டர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 4.2 கிலோ வீதம் 25 கிலோ மிச்சம். 964 கரேரா 2-வின் எடை சுமார் 1350 கிலோ. ரெண்டு சதவீதம்கூட இல்லை! கூரையில் 5 கிலோ குறைத்தால் ஈர்ப்பு மையம் இறங்குவது சுமார் 3 மி.மீ.

ஏமாற்றமா இருக்கா? எடைக் குறைப்பு ஒரே அடியில் வருவதில்லை என்பதுதான் இதில் தெரிகிறது. சிங்கர் தன் டிஎல்எஸ் ரகத்தில் 990 கிலோ வரை இறக்க முடியும் என்று அறிவித்தது. வில்லியம்ஸ் அட்வான்ஸ்டு எஞ்சினியரிங்கோடு சேர்ந்து எஞ்சின், வீல், பிரேக், சீட் என்று ஒவ்வொன்றையும் மாற்றியமைத்த பிறகு வந்த எண் அது. வெளிப்பாகங்கள் அதில் ஒரு பங்கு மட்டுமே.

பிறகு ஏன் வெளிப்பாகத்தில் கார்பன்? இன்னொரு காரணம் வடிவம். அகலமான டயரை மூட ஸ்டீலில் மட்கார்டை விரிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு காருக்கும் சுத்தியலோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். இடதும் வலதும் ஒரே மாதிரி வருவது அந்தக் கையின் திறமை. கார்பனில் ஒரு தடவை மோல்டை ஒழுங்காகச் செய்தால், நூறாவது மட்கார்டும் முதல் மட்கார்டு மாதிரியே வரும்.

ஸ்டீல் பாகத்தின் மேலேயே அழகுக்காக ஓர் அடுக்கு கார்பன் துணியை ஒட்டுவதும் நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்க, அதில் எடை ஏறத்தான் செய்யும்.

நம்ம டீமுக்கு

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்கு கார் கட்டும் நண்பர்களுக்கு இந்த விஷயம் தூரத்தில் இல்லை. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளில், ஸ்டீல் குழாய்க்குப் பதிலாக கார்பன் லேமினேட் வைத்தால், அது அந்தக் குழாய்க்குச் சமம் என்று கணக்கோடும் மூன்று புள்ளி வளைவுச் சோதனையோடும் நிரூபிக்கச் சொல்கிறார்கள். மேலே பானட்டுக்கு நாம் கேட்ட அதே கேள்வி: பழைய பாகம் என்னென்ன வேலை செய்தது, புதியது அத்தனையும் செய்யுமா?

எனவே துணி ஆர்டர் போடும் முன் ஒரு தாளில் அந்தப் பாகத்தின் வேலைகளை எழுதுங்க. காற்றைத் தாங்குகிறதா, மோதலைத் தாங்குகிறதா, கூட்டின் முறுக்கலைத் தாங்குகிறதா, சூட்டின் பக்கத்தில் இருக்கிறதா, மின்சாரம் கடத்துகிறதா. பிறகு அதே அடுக்கில் சின்னதாக ஒரு மாதிரித் துண்டு செய்து, யூடிஎம்மில் உடைத்துப் பாருங்க. உங்கள் கை வேலையில் கிடைக்கும் மாடுலஸ் டேட்டா ஷீட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால், தடிமன் கணக்கை அந்த எண்ணை வைத்துத் திரும்பப் போடுங்க.

பழைய கார் ஒன்றில் இந்த வேலையைச் செய்யும் வாய்ப்பு என்றாவது கிடைத்தால், கழற்றிய ஸ்டீல் பாகங்களை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீங்க. எண்ணெய் தடவி, சுற்றி, பெயர் எழுதிப் பத்திரமா வையுங்க. அடுத்த உரிமையாளருக்கு காரை அது பிறந்த உருவத்திலேயே பார்க்கும் ஆசை வரலாம். அடுத்த மோல்டு எடுக்க உங்களுக்கே அது தேவைப்படலாம்.